ஒரு வருஷம் குடும்பத்தோட ஊர் சுத்தப் போறோம், என் பட்ஜெட் ஷீட்ல எங்க ஓட்டைன்னு சொல்லுங்க

நாலுபேர்வண்டி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா எட்ட நின்னு படிச்சுட்டு போறவ, இன்னிக்குதான் முதல் தடவையா எழுதுறேன், நீளமா போச்சுன்னா பொறுத்துக்கோங்க.

விஷயம் இதுதான். நாங்க நாலு பேர். நான், வீட்டுக்காரர், 10 வயசு பொண்ணு, அப்புறம் கிளம்புற அன்னிக்கு 1 வயசு 8 மாசம் ஆகியிருக்கப்போற பையன். ஒரு வருஷம் முழுசா வெளிய சுத்தப்போறோம். பத்து வருஷமா பேசிப்பேசியே காலம் போச்சு, இப்ப அவருக்கு ஆபீஸ்ல சம்பளமில்லாத லீவு ஒரு வருஷத்துக்கு தர்றதா மேனேஜர் சொல்லியிருக்கார், நான் வேலைய விடுறேன், கிளம்ப இன்னும் 14 மாசம் இருக்கு.

பட்ஜெட் ஷீட் நான்தான் போட்டேன். மூணு வாரமா ராத்திரி பசங்க தூங்கினதுக்கு அப்புறம் உக்காந்து போட்டது, அதனால அது மேல கொஞ்சம் பாசமே வந்துருச்சு. காசுல சொன்னா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கரன்சியில யோசிப்பீங்க, அதனால பங்கா சொல்றேன். இப்ப வீட்ல ஒரு வருஷத்துக்கு ஆகுற மொத்த செலவு 100ன்னு வெச்சுக்கங்க. நாங்க சேர்த்து வெச்சிருக்கிறது 240. ஷீட்ல இருக்கிறது: ஃப்ளைட் 60, தங்குறது 70, சாப்பாடு 35, உள்ளூர் போக்குவரத்து 20, சுத்திப் பாக்குற இடங்களுக்கு டிக்கெட் 15, இன்சூரன்ஸ் 8, விசா 5. கூட்டினா 213. மீதி 27 கையில நிக்குது. மொத்தம் 22 நாடு.

அவர் பாத்துட்டு "சூப்பர், மிச்சம் வேற இருக்கே"ன்னார். அவர் அவ்வளவு சீக்கிரம் ஓகே சொன்னதும்தான் எனக்கு வயித்தை கலக்குச்சு.

எதை விட்டுட்டேன்? உலகத்தை சுத்துற ஒரே டிக்கெட்டா வாங்கிடுறதா, இல்ல அப்பப்ப வாங்கிக்கிறதா? பொண்ணு படிப்பை என்ன பண்றது? போயிட்டு வந்தவங்க யாராவது இருந்தா தயவு பண்ணி திட்டாம சொல்லுங்க. திட்டினாலும் பரவாயில்ல, சொல்லுங்க.

சக்கரக்கால்:

திட்ட மாட்டேன் தங்கச்சி, ஆனா 22 நாடுன்னு படிச்சதும் ஒரு நிமிஷம் எந்திரிச்சு நடந்துட்டு வந்துதான் எழுதுறேன்.

கணக்கு போடுங்க. 365ஐ 22ஆல வகுத்தா ஒரு நாட்டுக்கு 16 நாள் சொச்சம். ஒரு நாட்டுல மூணு ஊர்னு வெச்சாலே அஞ்சு நாளைக்கு ஒரு தடவை மூட்டை கட்டணும், வருஷத்துக்கு 66 தடவை. ஒண்ணரை வயசு புள்ளைய வெச்சுக்கிட்டு 66 தடவை. இப்ப வீட்டுலருந்து ஒரு கல்யாணத்துக்கு கிளம்புறதுக்கே எவ்வளவு நேரம் ஆகுதுன்னு நினைச்சுப் பாருங்க.

நாங்க போனப்ப பசங்களுக்கு 7, 9. முதல் மூணு மாசம் நாலு நாளைக்கு ஒரு ஊர்னு ஓடினோம், ஏன்னா காசு கொடுத்து வந்தாச்சு, எதையும் விட்டுறக்கூடாதுன்னு ஒரு வெறி. மூணாவது மாசக் கடைசியில ஒரு பஸ் ஸ்டாண்டுல பெரியவ பை மேல உக்காந்துட்டா. எந்திரிக்கல. அழவும் இல்ல, அடம் பிடிக்கவும் இல்ல, அடுத்த ஊர் பேரைக்கூட கேக்கல, "அங்க எத்தனை நாள் இருப்போம்"னு மட்டும் கேட்டா. நாலு நாள்னேன். சரின்னு தலைய குனிஞ்சுக்கிட்டா. அன்னிக்கு ராத்திரிதான் நானும் மனைவியும் உக்காந்து பாக்கி இருந்த பதினோரு நாட்டுல ஏழை வெட்டினோம்.

வெட்டினதும் நடந்தது என்ன தெரியுமா, செலவு சடார்னு இறங்குச்சு. காசு போறது நாட்டுக்கு இல்ல, நகர்ற நாளுக்கு. உங்க ஷீட்ல "மூட்டை கட்டுற நாள்"னு ஒரு வரியே இல்ல பாருங்க. அந்த நாள் எப்படி இருக்கும்னா, காலையில 11 மணிக்கு ரூமை காலி பண்ணணும், அடுத்த இடத்துல 3 மணிக்குதான் சாவி கொடுப்பான், நடுவுல நாலு மணி நேரம் பெட்டியோட பசங்களோட எங்கயாவது நிழல்ல உக்காரணும், உக்காந்தா ஏதாவது வாங்கித்தான் ஆகணும். ரெண்டு வேளை வெளிய சாப்பாடு. இந்தப் பக்கம் ஒரு டாக்ஸி, அந்தப் பக்கம் ஒரு டாக்ஸி. பாதி எண்ணெய், பாதி சோப்பு பவுடரை பழைய வீட்டுலயே விட்டுட்டு வந்திருப்பீங்க, சாயங்காலம் மறுபடி வாங்கணும். வருஷக் கடைசியில எங்க ஷீட்ல பாத்தா அந்த மாதிரி நாளுக்கு சாதாரண நாளை விட ரெண்டரை மடங்கு ஆகியிருந்துச்சு. இதுல பஸ், ரயில் டிக்கெட்டை சேக்கவே இல்ல.

இன்னொரு பக்கம் பாருங்க, வாடகைக்கு விடுற வீடுகள்ல ஒரு வாரத்துக்கு மேலன்னா ஒரு தள்ளுபடி, 28 நாளுக்கு மேலன்னா மாசக்கணக்குன்னு பெரிய தள்ளுபடி நிறைய பேர் வெச்சிருப்பாங்க. சமையலறை இருக்கும், வாஷிங் மெஷின் இருக்கும். சமையலறைன்னு போட்டிருந்தா போட்டோவை பெருசு பண்ணி பாருங்க. எங்களுக்கு ஒரு இடத்துல ரெண்டு ஸ்பூனும் ஒரு மொட்டைக் கத்தியும்தான் இருந்துச்சு, அதுக்கு பேர் "முழு வசதி".

என் யோசனை 8 நாடு, ஒவ்வொண்ணுக்கும் ஆறு வாரம். மாசத்துல ஒரு வாரம் எதுவுமே பாக்காத வாரமா விடுங்க. அந்த வாரத்துலதான் துணி துவைக்கிறது, முடி வெட்டுறது, அடுத்த டிக்கெட் தேடுறது எல்லாம் நடக்கும்.

கணக்குப்புலி:

சக்கரக்கால் அண்ணன் வேகத்தைப் பத்தி சொல்லிட்டார், நான் ஷீட்டை மட்டும் பாக்குறேன்.

அம்மணி, நீங்க போட்டிருக்கிறது வெளிய இருக்கிற 365 நாளோட செலவு. கிளம்புறதுக்கு முன்னாடி ஆகுறது, நீங்க இல்லாதப்ப வீட்டுப் பக்கம் ஓடுறது, திரும்பி வந்ததும் ஆகுறது, இந்த மூணும் உள்ள வரல. அந்த மிச்சம் 27 மிச்சமே இல்ல, அது ஏற்கனவே செலவாயிருச்சு, உங்களுக்கு இன்னும் தெரியல அவ்வளவுதான்.

கிளம்புறதுக்கு முன்னாடின்னா நாலு பேருக்கும் பாஸ்போர்ட் புதுப்பிக்கிறது, தடுப்பூசி, பல் டாக்டர் (இதை யாரும் போட மாட்டாங்க, ஆனா நடுவழியில பல் வலி வந்தா தெரியும்), பை, நல்ல ஷூ, சாமான் வைக்க இடம். வீட்டுப் பக்கம்னா லோன் இருந்தா அதோட மாசத் தவணை, ஆயுள் காப்பீட்டு பிரீமியம், பெரியவங்களுக்கு அனுப்புற பணம், வரி. இது எதுவும் நீங்க ஊர்ல இல்லைன்னு நிக்காது. வீட்டை பூட்டிட்டு போறதா இருந்தா வீட்டு இன்சூரன்ஸ் பத்திரத்தை எடுத்து படிங்க, நிறைய பாலிசியில வீடு தொடர்ந்து 30 நாளோ 60 நாளோ காலியா கிடந்தா அதுக்கப்புறம் நடக்கிற சேதத்துக்கு காசு தர மாட்டோம்னு ஒரு வரி இருக்கும். வாடகைக்கு விட்டா அதையும் அவங்ககிட்ட முன்னாடியே சொல்லணும்.

திரும்பி வந்த அப்புறம்தான் ரொம்ப முக்கியம். முதல் சம்பளம் வர்ற வரைக்கும் குறைஞ்சது நாலு மாசம் ஓட்டணும். உங்க கணக்குப்படி வருஷத்துக்கு 100ன்னா நாலு மாசத்துக்கு 33, அது போக ஸ்கூல் ஃபீஸ், வீட்டுக்கு அட்வான்ஸ், ஃபோன் எல்லாம் சேர்த்து 40 ஒதுக்குங்க. தனி அக்கவுண்ட்ல போடுங்க, அந்த கார்டை ஊர்லயே யார்கிட்டயாவது கொடுத்துட்டு போங்க. கையில இருந்தா எடுப்பீங்க. நான் எடுத்தேன்.

இப்ப ஒரு கெட்ட செய்தி. உங்க பையன் கிளம்பி நாலாவது மாசம் ரெண்டு வயசை தொடுறான். ரெண்டு வயசு வரைக்கும் மடியில வெச்சுக்கிட்டு போகலாம், வெளிநாட்டு ஃப்ளைட்ல பெரியவங்க டிக்கெட்ல சுமார் 10 சதவீதம்தான் வாங்குவாங்க. ரெண்டு முடிஞ்ச அன்னிலருந்து தனி சீட், தனி டிக்கெட், தள்ளுபடி இருந்தாலும் கொஞ்சமாத்தான் இருக்கும், சில ஏர்லைன்ல அதுவும் இருக்காது. நீங்க ஃப்ளைட் 60ன்னு போட்டது அவன் வருஷம் முழுக்க மடியில உக்காருவான்னு நினைச்சு போட்டதா? அப்படின்னா மாத்துங்க. நீளமான, விலை ஜாஸ்தியான ஃப்ளைட் எல்லாத்தையும் முதல் நாலு மாசத்துக்குள்ள தள்ள முடியுமான்னும் பாருங்க.

அப்புறம் கார்டு. ரெண்டு வேற வேற பேங்க் கார்டு வேணும், ரெண்டு வேற வேற பையில இருக்கணும், எதுவும் அந்த வருஷத்துக்குள்ள காலாவதி ஆகக்கூடாது. கடையில மெஷின் "உங்க ஊர் கரன்சியில கட்டுறீங்களா"ன்னு நல்லவன் மாதிரி கேக்கும், வேணாம்னு சொல்லி அந்த ஊர் கரன்சியையே தொடுங்க, ஏன்னா அந்த மெஷின்காரன் போடுற ரேட்டு எப்பவும் உங்களுக்கு நஷ்டம்தான். ஏடிஎம்லயும் அதே கேள்வி வரும், அதே பதில். ஓடிபி வர்ற சிம்மை உயிரோட வெச்சிருங்க, கிளம்புறதுக்கு முன்னாடி ரோமிங்ல எஸ்எம்எஸ் வருதான்னு சோதிச்சுப் பாருங்க. இந்த ஒண்ணை நான் பண்ணாம விட்டு பதினெட்டு நாள் என் காசை நானே எடுக்க முடியாம உக்காந்திருந்தேன்.

இதெல்லாம் கூட்டின அப்புறம் வர்ற தொகை மேல 10 சதவீதம் எதுன்னு பேர் வெக்காம தனியா ஒதுக்குங்க. கரன்சி ரேட்டு ஏறும் இறங்கும், யாருக்காவது உடம்பு சரியில்லாம போகும், ஊர்ல யாருக்காவது முடியலன்னு ஒருத்தர் மட்டும் பறந்து வர வேண்டியிருக்கும்.

சும்மாஎட்டிப்பார்த்தேன்:

இவ்வளவு காசுக்கு ஒரு மனை வாங்கி போட்டிருக்கலாம். வேலைய விட்டுட்டு போயி திரும்பி வந்து என்ன பண்ணுவீங்க? கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க.

நாலுபேர்வண்டி:

தப்பா நினைக்கல, எங்க மாமியாரும் இதேதான் கேட்டாங்க, மனை சேர்த்தே. அவருக்கு திரும்பி வந்ததும் வேலை இருக்கு, நான் தேடிக்குவேன்.

கணக்குப்புலி, பையன் டிக்கெட் விஷயம் படிச்சுட்டு ஷீட்டை மூடி வெச்சுட்டேன். ஆமா, மடியிலதான் போட்டிருந்தேன். நாளைக்கு தைரியமா திறந்து பாக்குறேன்.

சும்மாஎட்டிப்பார்த்தேன்:

மேனேஜர் வாயால சொன்னாரா, எழுத்துல கொடுத்தாரா? 14 மாசத்துல மேனேஜரே மாறிடுவார். லெட்டர் வாங்குங்க, தேதி போட்டு, திரும்பி வந்தா அதே பதவின்னு எழுதி. மனை விஷயத்தை விட்டுடுறேன், இதை மட்டும் விடாதீங்க.

மஞ்சள்குடை:

நல்ல திரெட். விசாவையும் சீசனையும் யாரும் தொடல, அதனால நான் எழுதுறேன். நாங்க ரெண்டு வருஷம் முன்னாடி போயிட்டு வந்தோம்.

முதல்ல பாஸ்போர்ட். நிறைய நாடுகள்ல உள்ள நுழையுறப்ப பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாசத்துக்கு செல்லணும்னு கேப்பாங்க. அப்ப நீங்க கிளம்புற அன்னிக்கு எல்லாருக்கும் குறைஞ்சது 18 மாசம் பாக்கி இருக்கணும். பசங்களோடதை நல்லா பாருங்க, பல நாடுகள்ல சின்னப் பசங்களுக்கு அஞ்சு வருஷத்துக்குதான் பாஸ்போர்ட் தருவாங்க, பொண்ணுக்கு எப்ப எடுத்தீங்க? காலிப் பக்கமும் எண்ணிக்கோங்க.

அடுத்து வரிசை. எல்லாரும் மேப்புல கிட்ட கிட்ட இருக்கிற நாடா பாத்து கோடு போடுவாங்க. அப்படி போடாதீங்க, எந்த விசாவை வீட்டுலருந்து மட்டும்தான் வாங்க முடியும்னு பாத்து போடுங்க. ஷெங்கன் விசா (ஐரோப்பாவுல நிறைய நாட்டுக்கு சேர்த்து ஒரே விசா) தேவைப்படுறவங்களா இருந்தா, பொதுவா நீங்க குடியிருக்கிற நாட்டுலதான் அப்ளை பண்ணணும், பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடிலருந்து 15 நாள் முன்னாடி வரைக்கும்தான் கொடுக்க முடியும். எட்டாவது மாசம் ஐரோப்பான்னு வெச்சீங்கன்னா எங்கயோ ஒரு ஊர்ல உக்காந்துட்டு அப்ளை பண்ண வழி இல்லாம நிப்பீங்க. அதனால கஷ்டமான விசா உள்ள நாடெல்லாம் முதல்ல, அங்க போயி இறங்கினதும் கொடுக்கிறது, ஆன்லைன்ல கிடைக்கிறது எல்லாம் பின்னாடி. ஷெங்கன்ல 27 நாடு, எல்லாத்துலயும் சேர்த்து 180 நாளைக்கு 90 நாள்தான் இருக்கலாம். விசா எடுக்கிறவங்க குறைஞ்சது 30,000 யூரோ மருத்துவ கவர் உள்ள டிராவல் இன்சூரன்ஸ் காட்டணும்.

அப்புறம் சீசன். ஐரோப்பாவுல ஜூலை, ஆகஸ்ட்ல ஸ்கூல் லீவு, எல்லா வீட்டு வாடகையும் உச்சத்துல இருக்கும். ஏப்ரல், மே இல்லன்னா செப்டம்பர் கடைசின்னு போனா அதே வீடு வேற விலை. நியூசிலாந்து, அர்ஜென்டினா மாதிரி தெற்குப் பாதி நாடுகளுக்கு டிசம்பர்லருந்து பிப்ரவரி வரைக்கும்தான் கோடை, அங்க அப்பதான் கூட்டம். கரீபியன் பக்கம் போறதா இருந்தா ஜூன்லருந்து நவம்பர் வரைக்கும் சூறாவளி சீசன். மலிவா டிக்கெட் கிடைச்சா ஏன் மலிவுன்னு முதல்ல பாருங்க.

உலகம் சுத்துற டிக்கெட் கேட்டீங்க. ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்ட் மாதிரி ஏர்லைன் கூட்டணிகள் கொடுக்குது. ஒரே திசையில போகணும், அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் தாண்டணும், கிளம்பினதுலருந்து ஒரு வருஷத்துக்குள்ள முடிக்கணும். தேதியை மாத்துறது சுலபம், வழியை மாத்தினா காசு. ரெண்டு பேர் மட்டும்னா வாங்கலாம்னு சொல்வேன், சின்னக் குழந்தையோட ஒரு வருஷத்துக்கு முன்னாடியே வழியை பூட்டி வெக்கிறது எனக்கு பிடிக்கல. நாங்க பெரிய ஃப்ளைட் மூணை மட்டும் முன்னாடியே எடுத்துட்டு மீதியை ரெண்டு மாசம் முன்னாடி எடுத்துக்கிட்டோம். ஆனா ஒண்ணு, பல நாடுகள்ல வெளிய போற டிக்கெட் காட்டுன்னு செக்-இன் கவுண்டர்லயே நிறுத்துவாங்க. எங்களை ஒரு தடவை நிறுத்தி, கவுண்டர் முன்னாடி தரையில உக்காந்து ஃபோன்ல பக்கத்து நாட்டுக்கு பஸ் டிக்கெட் எடுத்து காட்டின அப்புறம்தான் போர்டிங் பாஸ் கொடுத்தாங்க. பின்னாடி வரிசையில நின்னவங்க பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு.

ஆப்பிரிக்காவுல, தென் அமெரிக்காவுல சில நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டை வேணும். ஊசி போட்டு 10 நாள் கழிச்சுதான் அட்டை செல்லும், அதுக்கப்புறம் வாழ்நாள் முழுக்க செல்லும். பசங்களோட ஒருத்தர் மட்டும் எல்லை தாண்ட வேண்டி வந்தா இன்னொருத்தர் சம்மதக் கடிதம், பிறப்புச் சான்றிதழ் ரெண்டும் பையில இருக்கட்டும், சில எல்லைகள்ல கேப்பாங்க.

அரைக்கிழவன்:

மஞ்சள்குடை சொன்னதுல ஒரு சின்ன திருத்தம். 27ங்கிறது பழைய கணக்கு, பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1லருந்து ரோடு எல்லையும் சேர்ந்து முழுசா ஷெங்கன்ல வந்தாச்சு, இப்ப 29. அயர்லாந்தும் சைப்ரஸும் ஐரோப்பிய ஒன்றியத்துல இருக்கு, ஆனா ஷெங்கன்ல இல்ல. பிரிட்டன் ரெண்டுலயும் இல்ல. அதனால 90 நாளை நீட்டணும்னா நடுவுல இந்த மாதிரி நாடுகள்ல இருந்துட்டு வரலாம்.

அந்த 180 நாளை நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கிறாங்க. 90 நாள் இருந்துட்டு ஒரு நாள் வெளிய போயிட்டு வந்தா மறுபடி 90ன்னு நினைச்சுக்கிறாங்க. அப்படி இல்ல. எந்த நாள்ல நின்னு பாத்தாலும் பின்னாடி 180 நாளை எண்ணினா உள்ள இருந்தது 90க்கு மேல போகக்கூடாது. ராத்திரி 11:50க்கு இறங்கினாலும் அது ஒரு நாள், கிளம்புற நாளும் ஒரு நாள். சொந்த அனுபவம், ரெண்டு நாள் பிசகிப்போச்சு, மேல கேக்காதீங்க.

கார் ஓட்டுற எண்ணம் இருந்தா சர்வதேச லைசென்ஸ்லயும் ரெண்டு வகை இருக்கு. 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி கொடுக்கிறது ஒரு வருஷம்தான் செல்லும், 1968 வியன்னா ஒப்பந்தப்படி கொடுக்கிறது மூணு வருஷம் வரைக்கும். ஜப்பான் இந்த ரெண்டுல 1949 வகையைத்தான் ஏத்துக்கும். கிளம்புறதுக்கு முந்தின வாரம் எடுங்க, ஆறு மாசம் முன்னாடியே எடுத்துட்டு பாதியில காலாவதி ஆக விடாதீங்க.

சாக்பீஸ்:

நான் டீச்சர், போயிட்டு வந்ததில்ல, ஆனா அப்படி போயிட்டு வந்த மூணு பசங்க என் கிளாஸ்ல இருந்திருக்காங்க, அதனால பொண்ணு படிப்பைப் பத்தி மட்டும் சொல்றேன் மா.

முதல் வேலையா ஸ்கூல்ல போயி எழுத்துல கேளுங்க: சீட்டை வெச்சிருப்பீங்களா, திரும்பி வந்தா எந்த வகுப்புல சேப்பீங்க, ஏதாவது பரீட்சை இருக்கா. வீட்டுலயே படிக்க வெக்கிறதுக்கு சட்டம் நாட்டுக்கு நாடு வேற, ஜெர்மனியில குடியிருக்கிற பசங்க ஸ்கூலுக்கு போயே ஆகணும். உங்க ஊர்ல என்ன நிலவரம்னு முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க.

எல்லா பாடத்தையும் இழுத்துட்டு போகாதீங்க. 10 வயசுல வரலாறு, புவியியல், அறிவியல் எல்லாம் கண்ணு முன்னாடியே இருக்கும். கணக்கு மட்டும்தான் தானா வராது. என் கிளாஸ்ல திரும்பி வந்த மூணு பேருமே வாயடிச்சா என்னை விட நல்லா பேசுவாங்க, பின்னத்துல மட்டும் முழிச்சாங்க. தினமும் காலையில முக்கால் மணி நேரம், கணக்கும் தாய்மொழியில ஒரு பக்கம் எழுதுறதும், போதும். ஆனா தினமும். இதுக்கும் ஓடாம ஒரு இடத்துல இருக்கணும், சக்கரக்கால் சொன்னதுதான்.

இன்னொண்ணு, பட்ஜெட் ஷீட்டை அவகிட்ட கொடுங்க. சும்மா காட்டுறது இல்ல, தினமும் செலவை எழுதுற வேலைய முழுசா அவகிட்ட விடுங்க. கரன்சி மாத்துறது, சதவீதம், சராசரி எல்லாம் அதுலயே வந்துரும். தப்பா கூட்டுவா, கூட்டட்டும்.

இன்சூரன்ஸ் பத்தி என் தங்கச்சி அனுபவம் ஒண்ணு. வருஷாந்திர பாலிசின்னு வாங்கிட்டா, அது வருஷத்துல எத்தனை தடவை வேணா போகலாம், ஆனா ஒரு பயணம் 45 நாளுக்கு மேல போகக்கூடாதுங்கிற வகை. பேர்ல "வருஷம்"னு இருந்ததைப் பாத்து ஏமாந்தா. நீங்க தொடர்ந்து 12 மாசம் வெளிய இருக்கிறவங்களுக்குன்னு தனியா இருக்கிற நீண்டகால பாலிசிதான் கேக்கணும், அதுவும் ஊர்ல இருக்கிறப்பவே வாங்கணும். ஏற்கனவே யாருக்காவது இருக்கிற நோய் உள்ள வருதா, அவசரத்துக்கு ஃப்ளைட்ல தூக்கிட்டு வர்றது வருதான்னு பாருங்க. வாடகை ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தா லைசென்ஸ் இல்லன்னு கை விரிச்சுடுவாங்க.

நாய்க்கடி ஊசியைப் பத்தியும் டாக்டர்கிட்ட கேளுங்க, சின்னப் பசங்க நாயைப் பாத்தா கைய நீட்டுவாங்க, கடிச்சாலும் சொல்ல மாட்டாங்க. கடிச்சா உடனே சோப்பு போட்டு 15 நிமிஷம் ஓடுற தண்ணியில கழுவணும், முன்னாடியே ஊசி போட்டிருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு போகணும்.

நாலுபேர்வண்டி:

பத்து நாள் கழிச்சு வர்றேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அண்ணா அக்கா டீச்சர் எல்லாருக்கும். சண்டை போட்டு, ஒரு நாள் முழுக்க பேசாம இருந்து, மறுபடி பேசி புது ஷீட் போட்டாச்சு.

8 நாடு. ஃப்ளைட் 32, இதுல பையனுக்கு அஞ்சாவது மாசத்துலருந்து தனி சீட், நீளமான ரெண்டு ஃப்ளைட்டும் அவன் பொறந்தநாளுக்கு முன்னாடியே வந்துருச்சு. தங்குறது 58, பாதிக்கு மேல மாச வாடகை. சாப்பாடு 28, உள்ளூர் போக்குவரத்து 14, சுத்திப் பாக்குறது 12, இன்சூரன்ஸ் 9 (12 மாச பாலிசி, விலை ஏறிருச்சு), விசா 3. கிளம்புறதுக்கு முன்னாடி 8, வீட்டுப் பக்கம் ஓடுறது 18. கூட்டினா 182. பேர் வெக்காத 10 சதவீதம் 18, ஆக 200. திரும்பி வந்ததுக்கு 40, கார்டு எங்க அக்காகிட்ட. 240. ஒத்தை பைசா மிச்சம் இல்ல, ஆனா அந்த 27 இருந்தப்ப வராத தூக்கம் இப்ப வருது.

பொண்ணு பாஸ்போர்ட் நாம கிளம்பி ஒன்பதாவது மாசம் முடியுது. யாரும் கேக்கலன்னா நான் பாத்தே இருக்க மாட்டேன் மஞ்சள்குடை. அடுத்த வாரம் அப்ளை பண்றோம். ஆபீஸ் லெட்டர் இன்னும் வரல, "பாத்துக்கலாம்"னு சொல்லிட்டிருக்காங்க, வராம டிக்கெட்ல கை வெக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். வீட்டுக்காரர் ஷீட்ல கடைசியில "முடிஞ்சா"ன்னு தலைப்பு போட்டு ரெண்டு நாட்டை திரும்ப எழுதி வெச்சிருக்கார், நான் பாக்காத மாதிரி இருக்கேன்.

டீச்சர் சொன்ன மாதிரி ஷீட்டை பொண்ணுகிட்ட கொடுத்தேன். அரை மணி நேரம் ஒண்ணுமே பேசல. அப்புறம் ரெண்டு வரி சேர்த்தா. ஒண்ணு "தம்பி செருப்பு, 4 ஜோடி", ஏன்னா அவன் கால் வளருமாம். இன்னொண்ணு, "அம்மா, கடைசி நாள் ஏர்போர்ட்லருந்து நம்ம வீட்டுக்கு வர்ற டாக்ஸி எங்க?"